ஊரில் தெளிவு, மகன் வீட்டில் தடுமாற்றம்: ஏன்?

கேள்வி: என் மாமியாருக்கு 79 வயது. அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கிராமத்து வீட்டில் தனியாக இருக்கிறார். சமையல், பூஜை, பால் கணக்கு எல்லாம் அவரேதான். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை மேடவாக்கத்தில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டுக்கு அழைத்து வருவோம். வந்த அன்று சிரித்த முகமாக இருப்பார். மறுநாள் சாயங்காலம் ஆரம்பித்துவிடும். பாத்ரூம் எந்தப் பக்கம் என்று திரும்பத் திரும்பக் கேட்பார். பேரனைத் தன் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "வீட்டுக்குப் போகணும்" என்று பையை எடுத்து வைத்துக்கொள்வார். ராத்திரி தூக்கமே இருக்காது. ஊருக்குத் திரும்பிய இரண்டு மூன்று நாளில் பழையபடி ஆகிவிடுகிறார். "அங்கே அம்மாவுக்கு மனசு ஒட்டலை" என்கிறார் நாத்தனார். "அம்மாவுக்கு மறதி நோய் வந்துவிட்டது" என்று கணவர் பயப்படுகிறார். ஊரில் அவ்வளவு தெளிவாக இருப்பவர் இங்கே மட்டும், அதுவும் முதல் நாளை விட்டு இரண்டாம் நாள் இப்படி ஆவது ஏன்? நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். மகன் ஒன்பதாம் வகுப்பு. வரும் தீபாவளிக்கு அத்தையை நாலு நாள் அழைத்து வரலாமா? எப்படித் திட்டமிடுவது?

– ஒரு வாசகி, மேடவாக்கம்

பதில்: உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்தது "முதல் நாளை விட்டு இரண்டாம் நாள் ஏன்" என்ற பகுதி. என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் "அம்மாவுக்கு ஏன் இப்படி" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் நாளையும் வேளையையும் குறித்து வைத்திருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

முதலில் உங்கள் நாத்தனார் சொல்வதைப் பார்ப்போம். மனசு ஒட்டாததால் இப்படி நடக்கிறது என்றால், வந்து இறங்கும்போதே முகம் வாடியிருக்க வேண்டும். உங்கள் அத்தை சிரித்துக்கொண்டு வருகிறார். பிடிக்காத வீட்டில் இருப்பவர் கோபப்படலாம், சாப்பாட்டைக் குறை சொல்லலாம், பேசாமல் இருக்கலாம். பேரனைத் தம்பி என்று நினைக்க மாட்டார். உங்கள் கவனிப்பில் குறை என்று இதை எடுத்துக்கொள்ளவே வேண்டாம். இந்தப் பழி வீட்டுக்கு வந்த பெண்ணின் தலையில் விழுவதை எத்தனையோ குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். அது அநியாயம்.

உங்கள் கணவரின் பயத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. ஆனால் மறதி நோய், அதாவது டிமென்ஷியா, மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வளர்வது. திங்கட்கிழமை இல்லாமல் செவ்வாய்க்கிழமை மாலை வந்து, ஊருக்குப் போனதும் போய்விடுவது அதன் இயல்பு இல்லை. இரண்டொரு நாளில் தோன்றி, காலையில் தெளிந்து மாலையில் கலங்கி, காரணம் நீங்கினால் சரியாகிவிடும் குழப்பத்தை மருத்துவத்தில் டெலிரியம் என்போம். திடீர்ச் சித்தக் குழப்பம் என்று சொல்லலாம். உங்கள் அத்தைக்கு வருவது அதன் லேசான வடிவம் போலத்தான் தெரிகிறது.

சரி, அது ஏன் உங்கள் வீட்டில் மட்டும் வருகிறது?

நமக்கு நினைவு ஒன்றே என்றுதான் தோன்றும். உண்மையில் அது பல வகை. 1953இல் அமெரிக்காவில் ஹென்ரி மோலைசன் என்ற இளைஞருக்கு வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கை இரு பக்கமும் எடுத்துவிட்டார்கள். புதிய நிகழ்ச்சிகளைப் பதிந்து வைப்பதும், இடங்களின் வரைபடத்தை மனதுக்குள் போடுவதும் அந்தப் பகுதியின் வேலை. அதன்பின் அவரால் புதிதாக எதையும் நினைவில் நிறுத்த முடியவில்லை. ஆனால் பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சி கொடுத்தபோது, நாளுக்கு நாள் அவர் கை தேர்ந்துகொண்டே வந்தது. முந்தைய நாள் வரைந்தது மட்டும் அவருக்கு ஞாபகமே இல்லை. கைக்கும் காலுக்கும் பழகிப்போன நினைவு வேறு இடத்தில் இருக்கிறது என்பது அப்படித்தான் தெரிய வந்தது. இதைச் செயல் நினைவு என்கிறோம்.

வயது ஏற ஏற ஹிப்போகேம்பஸ் சுருங்குகிறது. புதிய இடத்தின் வரைபடம் போடும் வேகம் குறைகிறது. செயல் நினைவு ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. உங்கள் அத்தை ஊரில் இருட்டில் எழுந்து பின்கட்டுக்குப் போகும்போது யோசித்துப் போவதில்லை. கட்டிலிலிருந்து இறங்கியதும் கால் தானாக ஒரு பக்கம் திரும்புகிறது, கை தானாக நிலைப்படியைப் பிடிக்கிறது. காபித்தூள் டப்பா, தீப்பெட்டி, மாத்திரைப் பை எல்லாம் பல வருஷமாக ஒரே இடத்தில் இருக்கின்றன. அந்த வீடு அவருக்கு ஊன்றுகோல். ரயிலேறும்போது அதை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார். இங்கே ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. எந்தக் கதவு, எந்த சுவிட்ச், குழாயை மேலே தூக்குவதா பக்கவாட்டில் திருப்புவதா? நாள் முழுக்க இப்படி யோசித்தால் சாயங்காலத்துக்குள் மூளை களைத்துவிடும்.

இனி உங்கள் "இரண்டாம் நாள்" கேள்வி. முதல் நாள் உற்சாகம் தாங்கிப் பிடிக்கிறது. அதற்குள் அடியில் நான்கைந்து கடன்கள் ஏறியிருக்கும்.

முதல் கடன் தூக்கம். புது இடத்தில் முதல் இரவு யாருக்கும் சரியாகத் தூக்கம் வருவதில்லை. 2016இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை ஆய்வுக்கூடத்தில் தூங்கவைத்துப் பார்த்தார்கள். முதல் இரவில் அவர்களுடைய மூளையின் இடது பாதி வலது பாதியைவிட மெல்லிய உறக்கத்தில் இருந்தது, சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொண்டது. இளைஞர்களுக்கே அப்படி. உங்கள் அத்தையோ ஒரு ராத்திரியை நெல்லை எக்ஸ்பிரஸிலும் அடுத்த ராத்திரியை உங்கள் ஃப்ளாட்டிலும் கழித்திருக்கிறார்.

இரண்டாவது கடன் தண்ணீர். ரயில் கழிப்பறைக்குப் பயந்து நம் வீட்டுப் பெரியவர்கள் முதல் நாள் மத்தியானத்திலிருந்தே குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். மகன் வீட்டுக்கு வந்த பிறகும் அது தொடரும், பாத்ரூம் எங்கே என்று ஒவ்வொரு தடவையும் கேட்கக் கூச்சம். முதுமையில் தாகமே மட்டுப்பட்டுப் போவதால் உடம்பும் எச்சரிக்காது. கேட்டால் "தாகமே இல்லை" என்பார், அது பொய்யும் இல்லை.

மூன்றாவது மாத்திரை. பயண நாளில் நீர் மாத்திரையை நிறுத்துவார்கள், மறுநாள் இரண்டு நாளுக்கானதையும் சேர்த்துப் போடுகிறவர்களும் உண்டு. சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை இறங்கி, குழப்பம் அதிலேயே வரும். இவற்றைவிட நான் அதிகம் பயப்படுவது வாந்தி வராமலிருக்கப் பயணத்துக்கு முன் போடும் மாத்திரைக்கு. அவற்றில் சிலவற்றில் ப்ரோமெதசின் என்ற மருந்து இருக்கிறது. நினைவுக்கும் கவனத்துக்கும் மூளை பயன்படுத்தும் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளை அது மட்டுப்படுத்துகிறது. மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க முதியோர் மருத்துவர் 1991இல் தொடங்கிவைத்த, பெரியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் ப்ரோமெதசினும் இருக்கிறது. சளிக்குக் கடையில் கேட்டு வாங்கும், தூக்கம் வரவைக்கும் பழைய மாத்திரை ரகங்கள் பலவும் இதே குடும்பம். உங்கள் அத்தை ரயிலேறுமுன் எதையாவது போட்டுக்கொள்கிறாரா என்று கண்டிப்பாகக் கேளுங்கள்.

நான்காவது வெளிச்சம். 60 வயதானவரின் விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதில் எட்டியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். உங்களுக்கு அந்திக் கருக்கலாகத் தெரிவது அவருக்கு இருட்டு. அந்த அரை வெளிச்சத்தில் முகங்கள் மங்கும், கதவு நிழல் ஆளாகத் தெரியும், பேரன் தம்பியாகத் தெரிவான். மாலையில் குழப்பம் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதோடு சத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதுமையில் முதலில் குறைவது கீச்சுக் குரல் அளவிலான உயர் ஒலிகளைக் கேட்கும் திறன். ச, த, ப போன்ற எழுத்துகளைப் பிரித்தறிய அவை வேண்டும். அமைதியான ஊர்த் திண்ணையில் எதிரில் இருப்பவர் பேசுவது புரியும். டிவி ஓட, குக்கர் விசிலடிக்க, நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசும் ஹாலில் ஒன்றும் பிடிபடாது. தலையை மட்டும் ஆட்டுவார். நாம் பேச்சை விட்டுவிடுவோம். அவர் தனித்துப்போவார்.

இத்தனையும் சேர்ந்து முதிரும் நேரம்தான் உங்கள் இரண்டாம் நாள் மாலை.

காரணங்கள் இப்படி என்றால் திட்டம் தானாகவே வடிவம் எடுக்கும். அதில் முதலில் மாற்ற வேண்டியது தேதி. தீபாவளி சென்னையில் மழைக்காலத்தில் வருகிறது. ஐந்தே முக்காலுக்கே சூரியன் இறங்கிவிடுகிறது, மேகம் இருந்தால் மூன்று மணிக்கே வீடு மங்கலாகிவிடும். வெடிச்சத்தம் நள்ளிரவு வரை. விருந்தாளிகள் வருவதும் போவதுமாக இருப்பார்கள். உங்கள் அத்தை தடுமாறுவதற்கு வேண்டிய எல்லாம் அந்த நாலு நாளில் ஒன்றாகக் கூடுகின்றன. தை மாதம் பொங்கல் முடிந்து வீடு வழக்கத்துக்குத் திரும்பிய பிறகு அழைத்து வாருங்கள். வெயில் இதமாக இருக்கும், பகல் நீளத் தொடங்கியிருக்கும், மகனும் அரையாண்டுத் தேர்வு முடித்திருப்பான். பண்டிகைக்கு வராவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற கவலை இருந்தால், அதற்கு வழியை முடிவில் சொல்கிறேன்.

நாலு நாள் என்ற கணக்கையும் மாற்றுங்கள். அவருக்கு அதுதான் மிக மோசமான அளவு என்பேன். புது வீட்டோடு பொருந்தவே மூன்று நான்கு நாள் பிடிக்கும். பழகுகிற நேரத்தில் திருப்பி அனுப்பினால் சிரமம் மட்டும் மிச்சம். பதினைந்து நாள், முடிந்தால் மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வருஷமும் அதே அறை, அதே கட்டில், அதே திசையாக இருக்கட்டும். கட்டிலை ஊரில் போலவே போட்டு, எழுந்ததும் அதே பக்கம் திரும்பினால் பாத்ரூம் வருமாறு அமைக்க முடிந்தால் மிக நல்லது. பிள்ளைகளுக்குள் முறை வைத்து மாதம் ஒரு வீடாகப் பெற்றோரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்களே, அந்த ஏற்பாடு நமக்கு நியாயமாகத் தோன்றினாலும், மூளைக்கு அது ஒவ்வொரு மாதமும் முதலிலிருந்து பாடம் ஆரம்பிப்பது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை.

பயணத்தைப் பகலுக்கு மாற்றலாம். திருநெல்வேலிக்கும் சென்னைக்கும் இடையே 2023 செப்டம்பரிலிருந்து வந்தே பாரத் ரயில் ஓடுகிறது. காலையில் ஏறினால் ஏறக்குறைய எட்டு மணி நேரத்தில், வெளிச்சம் இருக்கும்போதே எழும்பூரில் இறங்கிவிடலாம். அம்பாசமுத்திரத்திலிருந்து விடியுமுன் காரில் கிளம்ப வேண்டும்தான், ஆனால் முந்தைய இரவு தன் கட்டிலில் தூங்கியிருப்பார். எட்டு மணி நேரம் உட்கார்ந்தே வந்தால் கால் வீங்கும், அதனால் இடையிடையே எழுந்து நடக்க வையுங்கள். இரவு ரயில்தான் என்றால் கீழ்ப் படுக்கை கட்டாயம் வேண்டும். 45 வயதைக் கடந்த பெண்களுக்கும் 60 வயதைக் கடந்த ஆண்களுக்கும் கீழ்ப் படுக்கைக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஒரு டிக்கெட்டில் அந்தத் தகுதியுள்ள ஒருவர் அல்லது இருவர் மட்டும் இருந்தால்தான் அது செல்லும். குடும்பமே ஒரு டிக்கெட்டில் போட்டு இந்த வசதியை இழப்பவர்கள் நிறைய. அத்தைக்குத் தனி டிக்கெட் எடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவற்றுக்குப் பெரிய செலவில்லை. பாத்ரூம் வழியில் இரவு விளக்கு வேண்டும். வாசலில் வழுக்கும் மிதியடி வேண்டாம். திருகிப் பழகியவருக்குப் புதுவகைக் குழாய் புதிராக இருக்கும், நிரப்பிய வாளியும் ஒரு செம்பும் வையுங்கள். மாலை ஐந்தரைக்கே, இருட்டுவதற்கு முன், எல்லா விளக்கையும் போடுங்கள். அந்த நேரத்தில் அவரையே சாமி விளக்கு ஏற்றச் சொல்லலாம். தண்ணீரைக் கேட்டுக் கொடுக்காதீர்கள், நேரம் வைத்துக் கொடுங்கள். மோர், கஞ்சி, ரசம் எல்லாம் கணக்கில் சேரும். இதய நோய்க்காகவோ சிறுநீரக நோய்க்காகவோ அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுக்குள். சாப்பாடு ஊரில் எத்தனை மணிக்கோ இங்கேயும் அத்தனை மணிக்கே. நீங்கள் இருவரும் வேலையிலிருந்து திரும்பி எட்டரைக்குச் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்பது அன்புதான், ஆனால் ஏழு மணிக்குச் சாப்பிட்டுப் பழகியவரைக் காக்க வைக்க வேண்டாம்.

இவற்றையெல்லாம்விட முக்கியமாக நான் நினைப்பது வேறொன்று. "நீங்க சும்மா உக்காருங்க அத்தை, நான் பாத்துக்கறேன்" என்ற வாக்கியத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஊரில் விடிந்தால் வாசல் தெளிப்பு, பத்து மணிக்குக் கீரைக்காரி, சாயங்காலம் பூ என்று அவர் நாளை வேலைகள்தாம் பிரித்துத் தருகின்றன. நேரம் என்ன, நாம் எங்கே இருக்கிறோம் என்பதை வேலையிலிருந்துதான் தெரிந்துகொள்கிறார். சோபாவில் உட்காரவைத்து டிவியைப் போட்டுவிட்டு எல்லோரும் வெளியே போனால் காலை எது மாலை எது என்பதே கலைந்துவிடும். சும்மா இருக்கும் கைக்குத்தான் பையை எடுத்து வைக்கத் தோன்றுகிறது. முருங்கைக்கீரை உருவ, சின்ன வெங்காயம் உரிக்க, பூ கட்ட, துணி மடிக்கக் கொடுங்கள். பழகிய கைவேலையில் செயல் நினைவு இயங்குகிறது, ஹிப்போகேம்பஸுக்கு ஓய்வு கிடைக்கிறது. வேலைக்காரம்மா வரும் இரண்டு மணி நேரத்தை நீங்கள் இல்லாத மத்தியானத்துக்கு மாற்ற முடிந்தால் பேச்சுத்துணையும் ஆயிற்று. மகன் பள்ளியிலிருந்து வந்ததும் அரை மணி நேரம் பாட்டியுடன் மாடியில் நடக்கட்டும். மாலை வெயில் உடம்பின் கடிகாரத்தைச் சரிப்படுத்தும், இரவுத் தூக்கத்துக்கு அது உதவும்.

பார்க்க வரும் உறவினரையும் வரையறை செய்யுங்கள். ஞாயிறு மாலை பதினைந்து பேர் வருவதைவிட, ஒவ்வொரு நாளும் முற்பகலில் இருவர் வந்து போவது நல்லது. அவர் நாற்காலி சுவரோரம் இருக்கட்டும், பேசுபவர் முகத்தில் வெளிச்சம் விழட்டும், டிவி அணைந்திருக்கட்டும். "நான் யாருன்னு தெரியுதா?" என்று பரீட்சை வைப்பவர்களை வாசலிலேயே நிறுத்தி, பேரைச் சொல்லிவிட்டுப் பேசச் சொல்லுங்கள். இந்த ஒரு கேள்வியால் எத்தனை பெரியவர்கள் குன்றிப்போகிறார்கள்!

"வீட்டுக்குப் போகணும்" என்று அவர் சொல்லும்போது "இதுவும் உங்க வீடுதானே" என்று வாதாட வேண்டாம். ஊர் வீட்டைப் பற்றிக் கேளுங்கள், முற்றத்து மாமரத்தைப் பற்றிக் கேளுங்கள், ஒரு டம்ளர் மோர் கொடுங்கள், விளக்கைக் கூட்டுங்கள். கொஞ்ச நேரத்தில் தணியும்.

உங்கள் கணவரின் பயத்துக்கும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. பழகிய வீடு சில சமயம் ஆரம்பகால மறதியை மறைத்தும் வைக்கும். ஆகவே ஊரில் பால் பணத்தை இரண்டு தடவை கொடுக்கிறாரா, மாத்திரை கணக்குத் தப்புகிறதா, அடுப்பை அணைக்க மறக்கிறாரா என்று அக்கம்பக்கத்தில் மெல்ல விசாரியுங்கள். ஆம் என்றால் முறையான பரிசோதனை வேண்டும். அடுத்த முறை இங்கே குழப்பம் வந்தாலும் "வயசானா அப்படித்தான்" என்று விடாதீர்கள். சிறுநீர்த் தொற்று சிலருக்கு எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமல் குழப்பமாகவே வெளிப்படும். நீர் மாத்திரை போடுபவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கினாலும் இப்படித்தான். மலச்சிக்கல்கூடப் போதும். ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு சிறுநீர்ப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978 முதலே முதியோர் மருத்துவத்துக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் 2024இல் திறக்கப்பட்டது. வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் சோர்வு, எழுப்ப முடியாத தூக்கம், விழுந்த பின் குழப்பம் இவற்றில் ஒன்று வந்தாலும் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. உடனே 108. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம்.

இனி தீபாவளி. இந்த வருஷம் நீங்கள் மூவரும் அம்பாசமுத்திரத்துக்குப் போங்கள். அவர் அடுப்படியில் அவர் கையால் சுட்ட அதிரசத்தைச் சாப்பிட்டுவிட்டு, அங்கேயே அவர் நாள் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். எத்தனை மணிக்கு எழுகிறார், எந்தப் பக்கம் திரும்புகிறார், எதை எங்கே வைக்கிறார், எப்போது சாப்பிடுகிறார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால், தை மாதத்துக்கு உங்கள் வீட்டை அமைக்க அதைவிட நல்ல குறிப்பு கிடைக்காது. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. தென்மாவட்ட ரயில்களில் தீபாவளி இடங்கள் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும், எனவே அந்தத் தேதியை இன்றே கணக்குப் போட்டு நாள்காட்டியில் குறித்துவிடுங்கள்.